ஹார்மோன் சிகிச்சை எனக்கு ஆகுமா, டாக்டரம்மா?

முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 50. பீடி சுற்றுகிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மாதவிலக்கு நின்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. அதற்குச் சற்று முன்பே தொடங்கிய வெக்கை இன்னும் அடங்கவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, முகம், காது வரை ஏறுகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் ரவிக்கை நனைந்துவிடுகிறது. பின் உடம்பு சில்லிட்டு நடுங்குகிறது. பகலில் ஏழெட்டுத் தடவை, இரவில் மூன்று நான்கு தடவை. தூள் பறக்கும் என்பதால் பீடி சுற்றும்போது மின்விசிறி போட முடியாது. வியர்வை சொட்டிச் சுளகில் இருக்கும் இலை நனைந்துபோகிறது. நனைந்த பீடியைக் கடையில் கழித்துவிடுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு விழித்தால் மறுபடி உறக்கம் வருவதில்லை. பொசுக்கென்று கோபம் வருகிறது, பிறகு அழுகை வருகிறது. கணவருடன் சேர்ந்திருப்பது வலிக்கிறது. ஆறு மாதமாக விலகியே படுக்கிறார். அதனால் அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாமியாரிடம் சொன்னால், "நாங்கள் எல்லாம் படாததா?" என்கிறார்.

வெளியூரில் படிக்கும் மகள், குறைந்துபோன பெண் ஹார்மோனை மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சை பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அம்மாவின் தங்கை, இவருடைய சித்தி, 64 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்றவர். "ஹார்மோன் எடுத்தால் உனக்கும் வரும்" என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு மதினி. கோயில் கொடைக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரைதானே ஹார்மோன் மாத்திரை, அதையே வாங்கிப் போடலாமா என்பது இவருடைய கேள்வி. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரை இல்லை. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், பேச்சோடு பேச்சாக, ஒரு வரி: "இரண்டு மாதத்துக்கு முன்னால் இரண்டு நாள் லேசாகப் பட்டது. உடம்பில் இன்னும் இளமை இருக்கிறது என்று மதினி கேலி செய்தாள்."

அன்புள்ள சகோதரி, அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

முதலில் அந்த இரண்டு நாள் உதிரம்

மாதவிலக்கு தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால் அது நின்றுவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அது மாதவிலக்கு அல்ல, இளமையின் அறிகுறியும் அல்ல. ஏன் பட்டது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். பயப்படாதீர்கள். இப்படி வருகிற பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. உட்புறத் தோல் மெலிந்து கீறியிருக்கலாம், சிறு சதை வளர்ச்சி இருக்கலாம். மீதமுள்ள ஒருவருக்குக் கருப்பையின் உள்சவ்வில் புற்றுநோய் இருக்கக்கூடும். அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் முழுவதும் குணப்படுத்திவிடலாம். "லேசாகத்தானே பட்டது" என்று ஓராண்டு தள்ளிப்போட்டு வருகிறவர்களைப் பார்த்து நான் வேதனைப்பட்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. உள்பரிசோதனை, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, பிறப்புறுப்பு வழியாக ஒரு ஸ்கேன். ஸ்கேனில் உள்சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, உதிரம் மறுபடி பட்டாலோ, சிறு குழாய் விட்டுத் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். உங்களுக்கு மிக அருகில் முக்கூடலிலேயே பீடித் தொழிலாளர் மருத்துவமனை இருக்கிறது. தொழிலாளர் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு முதலில் அங்கே போங்கள். அங்கே முடியாத பரிசோதனைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இதன் முடிவு தெரியும்வரை எந்த ஹார்மோனும் தொடக்கூடாது. காரணம் தெரியாத உதிரப்போக்கு இருக்கும்போது ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்குவதில்லை என்பது எங்கள் துறையின் அடிப்படை விதி.

இனி எழுதுவதெல்லாம், அந்தப் பரிசோதனையில் கவலைப்பட ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு நீங்கள் யோசிக்க வேண்டியவை.

உங்கள் உடம்பில் நடப்பது என்ன

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரப்பதை அநேகமாக நிறுத்திவிடுகின்றன. உடம்பின் சூட்டை நிர்வகிக்கும் மூளைப் பகுதி இதனால் தடுமாறுகிறது. சூடு இம்மியளவு கூடினாலும், உடம்பு கொதிப்பதாக எண்ணி இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டச் செய்கிறது. நீங்கள் எழுதிய சூடும், நனைந்த ரவிக்கையும், பிறகு வரும் நடுக்கமும் இதுதான். இது மனப்பிரமை அல்ல. உறக்கம் கெட்டால் கோபமும் அழுகையும் தானாக வரும். பிறப்புறுப்பு உலர்ந்து மெலிவதும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால்தான். வலி அதனால் வருகிறதே ஒழிய, கணவர் மீது அன்பு குறைந்ததால் அல்ல. இதை அவரிடம் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள்.

உங்கள் மாமியார் பட்டது உண்மைதான். அவர் காலத்தில் கேட்பாரும் இல்லை, மருந்தும் இல்லை. சிலருக்கு வெக்கை ஓராண்டில் போய்விடும்; பலருக்கு ஏழு ஆண்டு வரைகூட நீடிக்கும். பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்தால் மருந்தே வேண்டாம் என்று நானே சொல்வேன். ஆனால் உறக்கம் போய், கூலி போய், வீட்டில் பேச்சும் நின்றுபோன நிலையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சிகிச்சை கேட்பது சொகுசு அல்ல, அம்மா.

புற்றுநோய் பயம்: எவ்வளவு நிஜம்?

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதை எடைபோட முடியும். அமெரிக்காவில் 'பெண்கள் நல முன்முயற்சி' என்ற பெரிய ஆய்வு நடந்தது. கருப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. 2002 ஜூலையில் இந்தப் பகுதி பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடிவிட்டது என்று உலகமெங்கும் செய்தி பரவியது. பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். மருத்துவர்களும் எழுதித் தரத் தயங்கினார்கள். அந்தப் பயத்தின் மிச்சம்தான் இன்று உங்கள் தெரு வரை வந்திருக்கிறது.

26 சதவீதம் என்றால் என்ன? வெற்று மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஓராண்டில் சுமார் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் எடுத்த 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. கூடுதலாக எட்டுப் பேர். பக்கவாதமும் நுரையீரலில் இரத்தக்கட்டியும் ஏறக்குறைய அதே அளவில் கூடின. இடுப்பெலும்பு முறிவும் பெருங்குடல் புற்றுநோயும் குறைந்தன. இன்னொன்று: அந்தப் பெண்களின் சராசரி வயது 63. பலருக்கு மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அப்போது கொடுத்த மருந்தின் வகையும் வேறு. 50 வயதில், வெக்கை வாட்டும்போது தொடங்குகிற ஒருவருக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கினால், ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மையே மேலோங்கும் என்பதுதான் இன்றைய நிலைப்பாடு.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். 2019-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு, மேலை நாட்டுப் பெண்களை வைத்து ஒரு கணக்குச் சொன்னது. ஹார்மோனே எடுக்காத 1,000 பேரில் 50 முதல் 69 வயதுக்குள் 63 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும். 50 வயதில் தொடங்கி, ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் வகை ஹார்மோனையும் தினமும் சேர்த்து ஐந்தாண்டு எடுத்தால் அது 83 ஆகும். அதாவது 50 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக வரலாம். நம் நாட்டில் இந்த நோய் அங்கே உள்ள அளவுக்கு இல்லை. ஆகவே கூடுதலும் அதற்கேற்பக் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனாலும் அந்த ஒருவர் நாமாக இருந்தால் என்ன செய்வது என்று உங்களுக்குத் தோன்றினால், அது நியாயமான கேள்வி. ஒவ்வொரு இரவும் உறக்கமில்லாமல் கிடப்பதன் பாரத்தையும் இதையும் சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். நானோ, மதினியோ, மாமியாரோ அல்ல.

சித்தியின் நோயைப் பற்றி: ஒரே ஒரு உறவினருக்கு, அதுவும் 64 வயதில் வந்தது என்பது மட்டுமே உங்களுக்கு ஹார்மோனை மறுக்கப் போதுமான காரணம் ஆகாது. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ வந்திருந்தால், இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால், 50 வயதுக்கு முன் வந்திருந்தால், அல்லது குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் கதை வேறு. அம்மா வழியில் மட்டுமல்ல, அப்பா வழியிலும் விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் தொடங்கும் முன் மார்பகப் பரிசோதனையும், மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் எடுத்துவிட வேண்டும்.

மாத்திரை, ஜெல், களிம்பு

ஹார்மோன் என்றாலே மாத்திரைதான் என்று நினைத்திருக்கிறீர்கள். தோலில் தடவும் ஜெல்லும் இருக்கிறது. வாய்வழி மாத்திரை கல்லீரல் வழியாகப் போவதால் இரத்தம் உறையும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும். தோல்வழி ஈஸ்ட்ரோஜன் வழக்கமான அளவில் அப்படிக் கூட்டுவதாகத் தெரியவில்லை. உங்களுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. நாள் முழுக்கக் காலை நீட்டி ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள். அதனால் உங்களுக்கு ஜெல்தான் என் முதல் தேர்வாக இருக்கும். அதற்கு முன் அழுத்தம் கட்டுக்குள் வந்தாக வேண்டும். கடைசியாகப் பார்த்தபோது 150/90 என்று எழுதியிருக்கிறீர்கள், அது கூடுதல். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லி ஒவ்வொரு முறையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

உங்களுக்குக் கருப்பை இருக்கிறது. ஆகவே ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கவே கூடாது. கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய்ப் புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும். அதைத் தடுக்கப் புரோஜெஸ்டிரோன் (புரோஜெஸ்டின் இதன் செயற்கை வடிவம்) சேர்ந்தே ஆக வேண்டும். இயற்கையான புரோஜெஸ்டிரோனைப் போன்ற வகையை இரவில் எடுத்தால் சற்றுத் தூக்கக் கலக்கம் வரும். உறக்கம் கெட்ட உங்களுக்கு அது உதவியாகவே இருக்கும். ஜெல்லை வாங்கிவிட்டுப் புரோஜெஸ்டிரோனைக் காசு மிச்சம் என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வெக்கை சில வாரங்களிலேயே தணியத் தொடங்கும். நான்கு தடவை வந்த இடத்தில் சராசரியாக ஒரு தடவை என்று குறையும். முதல் சில மாதங்கள் மார்பு கனப்பதும் லேசாக உதிரம் படுவதும் உண்டு. உதிரம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, நின்ற பிறகு மறுபடி பட்டாலோ திரும்பப் பரிசோதிக்க வேண்டும். மூன்றாம் மாதம் ஒரு தடவை, பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை மருத்துவரைப் பார்த்து, தொடரலாமா நிறுத்தலாமா என்று பேசுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, திடீர் மூச்சிரைப்பு, முகம் கோணல், பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சேர்ந்திருக்கும்போது வரும் வலிக்கு இத்தனையும் தேவையில்லை. உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது. இரத்தத்தில் மிகச் சிறிதளவே கலக்கும். தொடக்கத்தில் தினமும், பிறகு வாரம் இரண்டு தடவை. அடிக்கடி சிறுநீர்க் கடுப்பு வந்தால் அதுவும் குறையும். இதையும் அந்த உதிரத்தின் காரணம் தெரிந்த பிறகே தொடங்க வேண்டும். அதுவரை, வழுவழுப்புக்கென்றே மருந்துக் கடையில் கிடைக்கும் ஜெல்லைப் பயன்படுத்தலாம். அதில் ஹார்மோன் கிடையாது. கேட்டு வாங்க வெட்கப்படாதீர்கள்.

கருப்பையை எடுத்துவிட்டால்?

வெக்கைக்கும் கருப்பைக்கும் சம்பந்தம் இல்லை. ஈஸ்ட்ரோஜன் சுரந்தது சினைப்பையில். உங்கள் மதினிக்குக் கட்டியாலோ அதிக உதிரப்போக்காலோ அறுவை நடந்திருக்கலாம். அந்தத் தொல்லை தீர்ந்ததைத்தான் அவர் நிம்மதி என்கிறார். உங்களுக்கு வெக்கைக்காகக் கருப்பையை எடுத்தால் வெக்கை அப்படியே இருக்கும், மயக்க மருந்தும் தையலும் கடனும் மட்டும் மிஞ்சும். மாதவிலக்கு நிற்பதற்கு முன் சினைப்பையையும் சேர்த்து எடுக்கப்பட்ட பெண்களுக்கோ, வெக்கை ஒரே வாரத்தில் கொடுமையாக வந்து இறங்கும். 'இனி எதற்கு அந்தப் பை' என்று எத்தனை பெண்களிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லப்படுகிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உங்கள் பரிசோதனையில் எடுக்க வேண்டிய காரணம் தெரிந்தால் எடுக்கலாம். அப்போதும் என்ன காரணம், வேறு வழி உண்டா, சினைப்பையையும் எடுப்பீர்களா என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுதித் தரச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கொடைக்குப் போட்ட மாத்திரையும் பொட்டலப் பொடியும்

மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை வேறு, இந்தச் சிகிச்சை வேறு. அதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை, அளவும் வேறு. அதை வாங்கிப் போட்டால் உங்கள் உதிரப்போக்கு தற்காலிகமாக மறைந்து, காரணம் கண்டுபிடிப்பதுதான் தாமதமாகும். கடைக்காரர் தெரிந்தவராகவே இருந்தாலும் வாங்காதீர்கள்.

சந்தையில் வாங்கிய ஒரு சூரணம் சாப்பிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று பொட்டலத்தில் எழுதியில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. படித்த மருத்துவரைப் பார்த்து, நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளையும் அவரிடம் காட்டுங்கள், எங்களிடமும் மறைக்காதீர்கள். உளுந்தங்களி நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது வெக்கையைத் தணிக்கும் மருந்து அல்ல. எலும்புக்குக் கேழ்வரகு, மோர், கீரை சேருங்கள். காலையில் இலை வெட்ட உட்காரும் முன் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். எலும்புக்கும் அழுத்தத்துக்கும் உறக்கத்துக்கும் நல்லது.

ஹார்மோன் வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும், உங்களுக்குக் கூடாது என்று தெரிந்தாலும் கை விரித்துவிட மாட்டோம். வென்லாஃபாக்சின், கபாபென்டின் போன்ற மருந்துகள் வெக்கையை ஓரளவு குறைக்கும். முதலாவது இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடும் என்பதால் உங்களுக்கு இரண்டாவதைத்தான் யோசிப்பேன். மாலைக்குப் பிறகு காபி, தேநீரை நிறுத்துங்கள். இரவில் காரத்தைக் குறைத்து, பருத்தி உடையோடு காற்று வருகிற பக்கமாகத் தார்சாவில் படுங்கள். பீடி சுற்றுகிறவர்களுக்குத் தூள் மூச்சிலும் தோலிலும் சேர்கிறது. நீங்கள் புகைப்பதில்லை என்றாலும் செய்கிற தொழில் என்ன என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது

கடைசியாக மாதவிலக்கு வந்த மாதம், இரண்டு மாதத்துக்கு முன் உதிரம் பட்ட தேதி, இரத்த அழுத்த மாத்திரையின் அட்டை, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் என்ன நோய் என்பது, அந்தச் சூரணப் பொட்டலம், இவற்றை எடுத்துச் செல்லுங்கள். காலில் இரத்தக்கட்டி, மாரடைப்பு, பக்கவாதம், கல்லீரல் நோய் எப்போதாவது வந்திருந்தால் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இவை இருந்தால் ஹார்மோன் பற்றிய முடிவே மாறிவிடும். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு ஆகியவற்றுக்கு இரத்தம் கொடுங்கள். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் இதே போல வியர்க்கும், படபடக்கும். மாதவிலக்கு நின்றுவிட்டதா என்று அறிய ஹார்மோன் அளவு பார்க்கும் பரிசோதனை 50 வயதில் உங்களுக்குத் தேவையில்லை. யாராவது எழுதித் தந்தால் எதற்கென்று கேளுங்கள்.

நாளை பீடிக் கடைக்குக் கட்டு கொடுக்கப் போகும்போது ஒரு நாள் லீவு சொல்லிவிடுங்கள். இந்த வாரத்திலேயே போங்கள். மகள் ஊருக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்கேன் முடிவு வந்ததும் அதில் உள்சவ்வின் தடிமன் எவ்வளவு என்று குறித்து எனக்கு எழுதுங்கள். ஜெல்லா, களிம்பு மட்டும் போதுமா என்பதை அதைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.